ஊர்ப் பேருக்கு விட்ட இடம்

பிப்ரவரி 2, திங்கள்

கேஸ் சிலிண்டர் வர நேரமாகிவிட்டது. மீட்டிங்குக்குத் தாமதமாகப் போனேன்.

"கூப்பிடு கூப்பிடு" பாட்டு எங்கள் நிலையத்துக்கும் கிடைத்துவிட்டது. கல்யாண மண்டபம், ஷேர் ஆட்டோ, பரோட்டாக் கடை, எங்கே போனாலும் மூன்று மாதமாக இந்தப் பாட்டுதான். இப்போது இசை நிறுவனமே ஒவ்வொரு எஃப்.எம். நிலையத்துக்கும் குரல் இல்லாத டிராக்கை அனுப்புகிறது. உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி வரியை மாற்றிப் பாடிக்கொள்ளுங்கள் என்கிறது. படத்தில் ஒரு கிராமத்தின் பெயர் வரும் இடத்தில் தாளம் மட்டும் தனியாக ஓடுகிறது. ஊர்ப் பேருக்கு விட்ட இடம். கோவைக்காரர்கள் தங்கள் பாட்டை முடித்து ஒலிபரப்பியும் விட்டார்கள். அதைச் சொல்லும்போது நிலையத் தலைவர் வரதன் சார் பேனா மூடியைக் கடித்தார்.

"சகா, நீ எழுதிடு. ஷ்யாம் பாடட்டும். திருச்சிக்காரன் எவன் கேட்டாலும் அவன் ஏரியா பேரு அதுல இருக்கணும். அவ்ளோதான் விஷயம்."

என் முழுப் பெயர் சகாயராணி. நிலையத்தில் எல்லோருக்கும் சகா. நிகழ்ச்சித் தயாரிப்பு, விளம்பர வரிகள், ஜிங்கிள் எல்லாம் என் வேலை. ஷ்யாம் காலை நிகழ்ச்சி நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் குரலில்தான் பொழுது விடிகிறது.

23ஆம் தேதி நிலையத்தின் பிறந்தநாள். அன்று பாட்டு வெளியாக வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

அறிவிப்பு போனது: "உங்க ஏரியா பேரு பாட்டுல வரணுமா? கூப்பிடுங்க." லைன் ஓயவில்லை. உறையூர், பாலக்கரை, பொன்மலை, காட்டூர், ஸ்ரீரங்கம். ஒருவர் தன் அபார்ட்மென்டின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். ஒரு பெண் மாமியார் இருக்கும் ஏரியாவைத் தவிர எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்றாள்.

கடைசிக்கு முந்தைய அழைப்பு எலும்புமில்லிலிருந்து. பெயர் தெரஸ். தையல் யூனிட்டில் வேலை, நாள் முழுக்க ரேடியோ ஓடுமாம். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"எலும்புமில்லா? அப்படி ஒரு ஊரா? அங்க சூப்பு ஃப்ரீயாக்கா?" என்றான் ஷ்யாம்.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். "ஃப்ரீ இல்ல தம்பி. ஆனா வந்தா தருவோம்."

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற வரதன் சாரும் சிரித்தார். மறுஒலிபரப்புக்கு வெட்டித் தொகுக்கும்போது அந்த அழைப்பை எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நீளம் அதிகம்.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயரையும் தாளத்தின் மேல் வைத்து முனகிப் பார்க்க வேண்டும். உறையூர் சட்டென்று முடிந்துவிடுகிறது, பின்னால் ஒரு "ஏ" போட்டால் சரி. திருவெறும்பூர் வழிகிறது. தில்லைநகர் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காருகிறது.

எலும்புமில்லும் உட்காருகிறது. வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். எழுதவில்லை.

தெரஸ் இன்றும் கூப்பிட்டாள். ஷ்யாம் சூப்பில் மிளகு தூக்கலாகப் போடச் சொன்னான். கேட்பவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். "இந்தக்கா தினமும் வந்தா நல்லாருக்கும்" என்று மெசேஜ் வருகிறது.

மிக்ஸி ஜார் ரிப்பேர். கடையில் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இருமல் பரவாயில்லை. மாத்திரையை இரண்டு வேளையாக்கியிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. முன்பு வாசல் பக்கத்திலேயே நின்றது.

துணி துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

விளம்பரப் பிரிவு பிரிட்டோ ஒரு ஸ்பான்சரைப் பிடித்துவிட்டான். "மரகத சிட்டி" என்று புது மனைப்பிரிவு. பல்லவியில் ஒரு தடவை அவர்கள் பெயர் வர வேண்டும். ஊர்ப் பெயர் மாதிரி வர வேண்டும், விளம்பரம் மாதிரி தெரியக்கூடாது.

"எங்க இருக்கு இது?" என்று வரதன் சார் கேட்டார்.

"பழைய எலும்பு மில்லு இருந்துச்சுல்ல சார், மாட்டெலும்ப அரைச்சு உரம் பண்ணுவாங்களே, அந்த இடம். மில்லு மூடி எட்டு வருஷம் ஆச்சு. இப்ப ஆர்ச்சு, பார்க்கு எல்லாம் வச்சு சூப்பரா பண்ணிட்டாங்க. பஸ் ஸ்டாப்பே கட்டிக் கொடுத்துருக்காங்க. பஸ்ஸெல்லாம் இப்ப அங்கதான் நிக்குது."

"பழைய ஸ்டாப்பு?"

"அங்க நிக்கறதில்ல சார். காலனி ஆளுங்கதான் கொஞ்சம் முணுமுணுக்குறாங்க."

"நாத்தம் இருக்குமேடா அந்தப் பக்கம்?"

"மில்லு மூடினதும் போயிருச்சு சார்."

போய்விட்டதுதான். மழை பெய்தால் மட்டும் மண்ணிலிருந்து லேசாகக் கிளம்பும். மீட்டிங்கில் என்னை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

"மரகத சிட்டி"யைத் தாளத்தில் அடக்கினேன். கொஞ்சம் வேகமாகப் பாட வேண்டும். ஷ்யாம் பாடிவிடுவான்.

தெரஸ் கூப்பிட்டாள். இன்று அவள் சிரிக்கவில்லை.

"தம்பி, காமெடி இருக்கட்டும். எங்க ஸ்டாப்பை எடுத்துட்டாங்க. கண்டக்டருகிட்ட எலும்புமில்னு டிக்கெட் கேட்டா அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லைங்கிறாரு. பாட்டுல பேரு வந்தா, அப்படி ஒரு ஊரு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியும்ல. அதுக்குத்தான் கேக்குறேன்."

நான் மைக்கில் ஷ்யாமின் காதுக்கு மட்டும், "அடுத்த பாட்டுக்குப் போ" என்றேன். போனான்.

பிப்ரவரி 13, வெள்ளி

வரிகள் ஓகே ஆகிவிட்டன. வரதன் சார் ஒரே ஒரு இடத்தில் "மலைக்கோட்டை" இன்னொரு தடவை வரட்டும் என்றார்.

ஷ்யாமுக்கு ஒரு யோசனை. பல்லவிக்குக் கோரஸ் பாட நேயர்களையே ஸ்டூடியோவுக்குக் கூப்பிடலாம் என்கிறான். சீட்டு குலுக்கிப் போட்டு ஆறு பேரை எடுத்தான். நான்காவது சீட்டைப் பிரித்துவிட்டு, "பாருங்க, சூப்பு அக்கா!" என்று கத்தினான்.

குலுக்கலில் வந்த பிறகு என்ன செய்வது?

மிக்ஸி ஜார் வாங்கி வந்தேன். பிளேடு மாற்றியிருக்கிறார்கள். சத்தம் குறையவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை ரெக்கார்டிங். ஒரு நாள் லீவு கேட்டேன். வரதன் சார், "உனக்குப் பைத்தியமா?" என்றார்.

பிப்ரவரி 18, புதன்

கோரஸ் ரெக்கார்டிங். ஆறு பேரும் வந்திருந்தார்கள். பொன்மலையிலிருந்து ரிட்டையர்டு ரயில்வேக்காரர், தில்லைநகரிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள், காட்டூர் பூக்காரம்மா, உறையூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். அப்புறம் தெரஸ். நீல நிறப் புடவை, புதுசு. தலையில் கனகாம்பரம். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோன் கொடுத்தேன். அவள் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.

"வணக்கம் மேடம்" என்றாள்.

"வணக்கம்" என்றேன்.

ஹெட்ஃபோனை அவள் திருப்பி மாட்டியிருந்தாள். சரி செய்தேன். அவள் காதில் ஒரு பழைய தோடு, சின்ன மீன் வடிவம். அதே மாதிரி ஒரு ஜோடி என்னிடமும் இருக்கிறது. அதை விடலாம்.

நன்றாகப் பாடினார்கள். "மரகத சிட்டி" வரும் இடத்தில் தெரஸின் வாய் அசையவில்லை. டிராக்கில் அது தெரியாது. மற்ற ஐந்து பேரின் குரல் போதும்.

போகும்போது எல்லோருக்கும் நிலையத்தின் கப் ஒன்று கொடுத்தோம். அவள் என்னையும் சேர்த்து எல்லோரிடமும், "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

மிக்ஸிங் முடிந்தது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டால் கால் தானாக ஆடும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பாவிடம் போனேன். ஆட்டு ஈரல் வாங்கிப் போனேன், அவருக்குப் பிடிக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"தெரஸ் வந்துருந்தா. உன்ன ஆபீஸ்ல பாத்தாளாம். கண்ணாடி ரூம்ல ராணி மாதிரி உக்காந்துருந்தியாம்."

"ம்."

"'அவள நான் காட்டிக் குடுக்கல சித்தப்பா, மேடம்னுதான் கூப்பிட்டேன்'னா. நல்ல பிள்ளை."

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன். தெரஸ் என் பெரியம்மாவின் மகள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இதை இங்கே முதலிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

"நீயும் யாருகிட்டயும் சொல்லிக்காத பாப்பா. சொந்த ஊரு பாலக்கரைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டே, அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

திரும்பும்போது புது ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். கிரானைட் பெஞ்சு. மேலே பச்சை எழுத்தில் மரகத சிட்டி. உட்கார வசதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பலூன், கேக், எல்லாம் இருந்தது. காலை நிகழ்ச்சியில் பாட்டு முதல் முறையாகப் போனது. போன் லைன் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ரயில்வேக்காரர் அழுதேவிட்டார். பொன்மலை என்று கேட்டதும் மனைவியை எழுப்பிவிட்டாராம். அப்புறம் தெரஸ்.

"தெரஸ் அக்கா! பாட்டு எப்படி?"

"நல்லாருக்கு தம்பி. எங்க யூனிட்ல எல்லாரும் மெஷின நிறுத்திட்டுக் கேட்டோம்."

"உங்க சூப்பு ஊரு பேரு வரலைன்னு கோவமா?"

"கோவம்லாம் இல்ல. மரகத சிட்டின்னு வருதே. அது எங்க மில்லு இருந்த இடம்தான். வந்த மாதிரிதான்."

"அப்படிப் போடுங்க! நீங்க இப்ப சிட்டி ஆயிட்டீங்கக்கா. இன்னமும் நான் எலும்புமில்லுன்னு சொல்லிக்கிட்டு யாராச்சும் திருச்சியில இருப்பாங்களா, சொல்லுங்க?"

வரதன் சார் கேக் கத்தியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தெரஸ் பக்கம் மெஷின்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அந்த அமைதி எங்கள் ஸ்பீக்கரில் கேட்டது.

என் மேஜையில் இருக்கும் மைக் ஷ்யாமின் காதில் பேசுவதற்கு. அதன் ஃபேடர் விசையைத் தூக்கினால் ஒலிபரப்பிலும் போகும். இத்தனை வருஷத்தில் தூக்கியதில்லை. தூக்கினேன்.

"இருக்கேன் ஷ்யாம்" என்றேன். "நான் எலும்புமில்லுதான். தெரஸ் என் பெரியம்மா பொண்ணு."

ஷ்யாம் என்னைப் பார்த்தான். ரேடியோவில் யாரும் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தார்கள்.

"தெரஸ், லைன்லயே இரு" என்றேன். குரல் இல்லாத டிராக்கை ஓட்டினேன். பல்லவி வந்தது. ஊர்ப் பேருக்கு விட்ட இடம் வந்தது. எனக்குப் பாட வராது. ஆனாலும் பாடினேன். இரண்டாவது சுற்றில் போனிலிருந்து தெரஸும் சேர்ந்துகொண்டாள், அரை நொடி பின்தங்கி. மூன்றாவது சுற்றில் அவளோடு யூனிட்டே பாடியது. "எலும்புமில்லு, எலும்புமில்லு" என்று ஒரே இரைச்சல். தாளத்துக்கு அது உட்கார்ந்தது. உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்புறம் வரதன் சார் அறைக்கு.

"ஸ்பான்சர் பேரு வர்ற இடத்துல வேற பேரைப் பாடியிருக்க."

"ஆமா சார்."

"ஒம்பது வருஷமா பாலக்கரைன்னு சொன்னியே."

"ஆமா சார்."

"ஏன் சகா? நாங்க என்ன அப்படிப்பட்ட ஆளுங்களா?"

"இப்பத்தான் சிரிச்சீங்கல்ல சார். அதுக்குத்தான்."

அவர் கத்தியைப் பார்த்தார். அதில் கிரீம் ஒட்டியிருந்தது. டிஷ்யூவை எடுத்துத் துடைத்தார். "வீட்டுக்குப் போ. கூப்பிடுறேன்" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கூப்பிடவில்லை. வீட்டை ஒட்டடை அடித்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஷ்யாம் போன் செய்தான்.

"க்கா, நான் சும்மா காமெடிக்குத்தான்…"

"தெரியும்."

"நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

"வேற ஏரியாவக் கலாய்ச்சிருப்பேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அந்த அளவில் நல்லவன்.

மரகத சிட்டி விளம்பரத்தை நிறுத்திக்கொண்டதாம். பிறகு பேசிச் சமாதானம் செய்திருக்கிறார்கள். ஒலிபரப்பில் இப்போது ஸ்பான்சர் வரியுள்ள பாட்டுதான். நான் பாடியதை யாரோ போனில் பதிவு செய்து சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். சுருதி ரொம்ப மோசம்.

மார்ச் 1, ஞாயிறு

எலும்புமில்லுக்குப் போனேன்.

தெருவில் நுழைந்ததும் சின்னப் பசங்கள் பாட ஆரம்பித்தார்கள். தெரஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். "ஏன்டி, பாடத் தெரியாட்டி சும்மா இருக்க வேண்டியதுதான?" என்றாள். கண் சிவந்திருந்தது. அப்புறம் கட்டிக்கொண்டாள்.

அப்பா உள்ளே திரும்பி உட்கார்ந்திருந்தார். சோறு போட்டேன், தொடவில்லை. மதியத்துக்கு மேல்தான் வாயைத் திறந்தார்.

"மில்லுல இருபத்தாறு வருஷம். வீட்டுக்கு வந்தா உன்னத் தூக்க மாட்டேன். குளிச்சிட்டு, சோப்புப் போட்டு, இன்னொரு தடவ குளிச்சிட்டுத்தான் தூக்குவேன். அந்த வாடை உன் மேல வரக் கூடாதுன்னு. ஊரே கேக்குற மாதிரி நீயா எடுத்துப் பூசிக்கிட்டியே."

"மில்லு மூடிருச்சுப்பா" என்றேன்.

"மூடுனா?"

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். நடு வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்றபோது நானும் நின்றேன்.

மார்ச் 4, புதன்

வேலை போகவில்லை. நேரலையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் விளம்பர வரி எழுதுவது மட்டும். இன்று ஒரு பிரஷர் குக்கர், ஒரு பல் ஆஸ்பத்திரி.

மார்ச் 6, வெள்ளி

தில்லைநகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் லோகநாதன் கீழே கூப்பிட்டார். காபி கொடுக்கவில்லை, வழக்கமாகக் கொடுப்பார். மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாளாம், மாடி வீடு வேண்டுமாம். அவசரமில்லை, மாதக் கடைசிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பொங்கலுக்குத்தான் அவர் மகள் டொரன்டோவில் வீடு வாங்கிய போட்டோவைக் காட்டினார். தோட்டத்தோடு பெரிய வீடு.

சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். ரசம் வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

காட்டூரில் ஒரு வீடு பார்த்தேன். வீட்டுக்காரம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரு?"

"எலும்புமில்லு."

"ரேடியோவுல பாடுன பொண்ணா?"

"ஆமா."

"பாட்டு சுமாருதான்" என்றார். "தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

தெரஸும் காலனியில் நாற்பது பேரும் ஸ்டாப்புக்காக மனு கொடுத்திருக்கிறார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். பஸ் இன்னும் நிற்பதில்லை. ஒரே ஒரு கண்டக்டர் மட்டும் அந்த இடம் வரும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாராம். ஓடத் தெரிந்தவர்கள் இறங்கிக்கொள்கிறார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

வீடு மாற்றினேன்.

குட்டி யானை வண்டியைத் தெரஸ் பேசிவைத்திருந்தாள். அதில் அவளோடு அப்பாவும் வந்து இறங்கினார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. தில்லைநகரில் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். அவர் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"போட்டுக்கிட்டே வாங்கப்பா. மேல போய்க் கழட்டிக்கலாம்."

"இருக்கட்டும்" என்றார். சிமென்ட் தரை காலைச் சுட்டது. மெதுவாக நடந்து வந்தார்.

லோகநாதன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"இவரு…"

"எங்கப்பா" என்றேன். "மிக்கேல்."

அப்பா கும்பிட்டார். லோகநாதன் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சார், எம் பொண்ணு உங்க வீட்ட நல்லா வச்சிருந்தாளா?" என்று அப்பா கேட்டார்.

"ஓ, ரொம்ப நல்லா. ஒரு குறை சொல்ல முடியாது."

"வாடகை, தண்ணி, கரண்டு, எதுலயாச்சும் தகராறு?"

"சேச்சே. ஒண்ணும் இல்லீங்க."

அப்பா தலையாட்டினார். அவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். லோகநாதன் எதையோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. பேப்பரைப் பார்த்தார்.

"அப்பச் சரி" என்றார் அப்பா.

திரும்பி கேட்டுக்கு நடந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு எட்டு வைத்தேன். அவர் குனிந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அதோடு திரும்பி வந்து, லோகநாதனைத் தாண்டி, மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது.

முதலில் கட்டிலை இறக்கினோம்.